ஆறு சனிக்கிழமை, 1,200 ரூபாய், ஜமைக்கா

குன்னூரில் ஒரு பங்களாவில் ஜமைக்காக்காரர்களின் ஓவியம், சிலை, போட்டோவைத் திரையில் காட்டிப் பேசுகிறார்கள் என்று போனேன். முதல் சனிக்கிழமை திரையில் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு திட்டு. விளக்கிக்கொண்டிருந்த சார், "இந்த முகத்துல இருக்கிற அமைதியைப் பாருங்க" என்கிறார். எந்த முகத்தில்?

நான் கோத்தகிரியில் ஸ்டுடியோ நடத்துகிறவள். அப்பா ஆரம்பித்தது. பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ், கல்யாண ஆல்பம், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் எல்லாம் உண்டு. முகம் தெளிவாக விழுந்தால்தான் எங்களுக்குச் சோறு. பத்து நிமிஷத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய், ப்ரொஜெக்டர் ஓட்டிய பையனிடம் "தம்பி, ரிமோட்டைக் கொஞ்சம் கொடுங்க" என்று வாங்கிப் பார்த்தேன். ஆபீஸ் மீட்டிங்கில் எழுத்தும் கட்டமும் காட்டுவதற்கு வைக்கிற செட்டிங். அதில் வெள்ளை பளீரென்று தெரியும், இருட்டுப் பக்கமெல்லாம் மையாகிவிடும். சினிமா மோடுக்கு மாற்றி, காமா என்கிற வெளிச்ச அளவைச் சரிசெய்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பின்னால் எரிந்த ட்யூப்லைட்டையும் அணைக்கச் சொன்னேன். திட்டுக்குள்ளிருந்து கன்னம் வந்தது, நெற்றிச் சுருக்கம் வந்தது, மூக்கோரத்து வியர்வைகூட வந்தது. பின்வரிசையில் யாரோ "அட" என்றார்கள்.

கருப்பு மனிதர்கள் தங்களை வரைந்துகொண்ட படங்களைக் காட்டுகிறோம் என்று காசு வாங்கிவிட்டு, கருப்புத் தோல் தெரிகிறதா என்று ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் இருந்ததுதான் இந்த இடத்தின் மேல் என் முதல் குறை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் ஒரு பழைய பங்களா. வாசலில் பலகை கிடையாது. கீழே பேக்கரியில் கேட்டால் "படம் காட்டுற பங்களாவா?" என்று லேசாகச் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள். தொடருக்கு ஒரு நாடு என்று எடுத்துக்கொண்டு, ஆறு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஓவியம், சிலை, போட்டோ காட்டிப் பேசுகிறார்கள். முழுத் தொடருக்கு 1,200 ரூபாய், ஒரு நாளுக்கு மட்டும் என்றால் 250. இஞ்சி தட்டிப் போட்ட டீயும் இரண்டு வர்க்கியும் சேர்த்தி. வர்க்கி அன்றைக்குச் சுட்டது, வாயில் வைத்தால் உதிர்கிறது. இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இந்த முறை ஜமைக்கா. 'அடையாளம்' என்று பெரிய எழுத்தில் போட்ட நோட்டீஸை என் கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்ட வந்தார்கள். அடையாளம் என்றால் எனக்கு 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, காது இரண்டும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. இதற்கு ஆறு வாரம் பேச என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

நடத்துகிறவர் ஓய்வு பெற்ற பெரியவர். மேப்பில் ஜமைக்காவைக் காட்டிவிட்டு நேராக மலைக்குப் போனார். அங்கேயும் ஒரு நீலமலை இருக்கிறதாம், ப்ளூ மவுண்டன்ஸ். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், அவர்கள் சிகரம் 2,256. அங்கே காப்பி, இங்கே தேயிலை. மலேரியா மருந்துக்காக வெள்ளைக்காரன் இங்கே தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா வைத்த அதே 1860களில் அங்கேயும் கொண்டுபோய் வைத்திருக்கிறான், தோட்டத்துக்கு இன்றும் சிங்கோனா என்றே பெயர். ஒரே ஆள் வரைந்த இரண்டு கோலம் மாதிரி இருக்கிறது. இந்த ஆரம்பம் எனக்குப் பிடித்தது.

முதல் இரண்டு வாரம் சிலை. 1935இல் எட்னா மேன்லி மஹோகனி மரத்தில் செதுக்கிய ஒன்று, 'விழித்தெழுந்த நீக்ரோ' என்று அந்தக் காலத்துப் பெயர். ஒரு கருப்பு மனிதன் தலையை மேலே திருப்பிப் பார்க்கிறான், அவ்வளவுதான். ஊர் மக்கள் காசு போட்டு அதைப் பொதுவுக்கு வாங்கினார்கள். மூன்று வருஷத்தில், 1938இல், கரும்புத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. செதுக்கியவரோ இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா ஆங்கிலேயர், அம்மா ஜமைக்காக்காரர். "அப்ப அவங்க யாரு?" என்று ஒரு காலேஜ் பையன் கேட்டான். நல்ல கேள்வி. சார் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை, நாட்டின் கொள்கை வாசகத்தைச் சொன்னார்: பலரிலிருந்து ஒரே மக்கள். 1962இல் சுதந்திரம் வந்தபோது எடுத்துக்கொண்ட வாசகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறது.

இரண்டாவது வாரம் லாரா ஃபேசி என்ற சிற்பி. தலைநகர் கிங்ஸ்டனில் எமன்சிபேஷன் பார்க் வாசலில் 2003இல் வைத்த வெண்கலச் சிலை, 11 அடி. ஒரு ஆண், ஒரு பெண், கீழே தண்ணீர், உடம்பில் துணி இல்லை. அடிமை விடுதலைக்கு நினைவுச் சின்னம் கேட்டால் அம்மணமாகவா நிறுத்துவது என்று அங்கே பெரிய சண்டை. முன்வரிசையில் இருந்த ஒரு ரிட்டயர்ட் மாமா, "நம்ம கோபுரத்துல இல்லாததா" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிட்டார். கேள்வி நேரத்துக்கு ஒரு மணி அடிக்க வேண்டும். இது இரண்டாவது குறை.

மூன்றாவது வாரத்துக்காகவே 1,200 ரூபாயும் கொடுக்கலாம்.

எபனி ஜி. பேட்டர்சன், 1981இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். முதலில் காட்டியது இளவட்டப் பையன்களின் படங்கள். ஏரியாவில் ரௌடி என்று பெயரெடுத்த ஜாடை. ஆனால் முகம் வெளிறிக் கிடக்கிறது, உதடு ரத்தச் சிவப்பு, சுற்றிலும் பூ, லேஸ், மினுமினுப்பு. ஜமைக்காவில் டான்ஸ்ஹால் என்கிற ஆட்டபாட்டக் கூட்டத்துப் பையன்கள் முகத்துக்கு ப்ளீச் போடுகிறார்களாம். பெண்கள் மட்டும் இல்லை, ஆண்கள், அதுவும் முரட்டு ஆண்கள். சார் அதை "புதிரான விஷயம்" என்றார். எனக்கு ஒரு புதிரும் இல்லை. என் கடைக்கு வந்து அரை நாள் உட்கார்ந்து பாருங்கள்.

"அக்கா, கொஞ்சம் வெள்ளையாக்குங்க." ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறேன் என்று எண்ணியதில்லை. ஜாதகத்தோடு அனுப்பும் போட்டோ என்றால் கேட்காமலேயே செய்துவிடுவேன், அது ரேட்டிலேயே சேர்ந்தது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற பெண், லாரி ஓட்டுகிற பையன், போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகிறவன், எல்லாரும் கேட்பார்கள். ஊரெல்லாம் பூசிய ஃபேர்னஸ் கிரீம் 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. என் கஸ்டமர் வாயில் வார்த்தை மாறவில்லை. பதினெட்டு வருஷமாக ஃபோட்டோஷாப்பில் நான் செய்கிற வேலையை ஒரு ஓவியர் பகிரங்கமாகச் சுவரில் மாட்டியிருக்கிறார். நான் யாருக்கும் தெரியாமல் செய்வேன். அவர் முகத்தில் பூசியதைப் பூசியதாகவே தெரிய விடுகிறார், அதன்மேல் மணியும் ஒட்டுகிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்புறம் வந்ததைப் பார்த்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2010 மே மாதம் கிங்ஸ்டனில் டிவோலி கார்டன்ஸ் என்ற பகுதிக்குள் ஒரு ஆளைப் பிடிக்கப் போலீசும் ராணுவமும் புகுந்ததில் எழுபதுக்கும் மேற்பட்ட சாதாரண ஜனங்கள் செத்துப்போனார்கள். பேட்டர்சன் அவர்களுக்காகச் செய்த வேலையில், தலையில் கட்டுகிற கைக்குட்டைத் துணிகளில் முகங்கள், சுற்றிலும் பூவும் அலங்காரமும். செய்தியில் வெறும் எண்ணிக்கையாகப் போனவர்கள். 2014இல் இன்னும் ஒரு படி மேலே போய், கார்னிவல் ஊர்வலத்துக்குள் 50 சவப்பெட்டிகளை ஜிகுஜிகு என்று அலங்கரித்துத் தூக்கிவரச் செய்திருக்கிறார். ஏழைகள் தங்கள் பிள்ளையின் சாவுக்குச் சக்திக்கு மீறிச் செலவழிக்கிறார்கள் என்று அங்கேயும் பேச்சு உண்டாம்.

"இவ்வளவு அலங்காரம் நமக்குக் கொஞ்சம் அதிகமா தெரியலாம்" என்றார் சார். அந்த 'நமக்கு'க்குள் நான் இல்லை. நான் அடிக்கிற கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. நாலு மூலையிலும் ரோஜா, மேலே இரண்டு புறா, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கீழே மெழுகுவத்தி, இடம் மிஞ்சினால் அருவி. எட்டுக்கு ஆறு அடி. பைக்கில் போய் வளைவில் விழுந்த இருபது வயசுப் பையனுக்கு அவன் கூட்டாளிகள் காசு சேர்த்து வந்து, "அக்கா, பூ இன்னும் வைங்க" என்பார்கள். உயிரோடு இருந்தவரை அவன் படம் ஆதார் கார்டைத் தவிர எங்கேயும் வந்திருக்காது. செத்த அன்றைக்குத்தான் பஸ் ஸ்டாண்டில் எட்டடி உயரம் நிற்கிறான். மேளம் அடித்து, பூப்பல்லக்கில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பேட்டர்சன் படத்தில் அந்தப் பூக்களைப் பார்த்த உடனே எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. நான் இதைச் சொன்னதும் சார் குறிப்பு எழுதிக்கொண்டார், அது அவருடைய பெருந்தன்மை. 2024இல் அமெரிக்காவில் மெக்கார்தர் என்ற பெரிய நிதிநல்கை வாங்கியிருக்கிறாராம் பேட்டர்சன். என் ஃப்ளெக்ஸுக்குச் சதுர அடி 12 ரூபாய்.

வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். அம்மாவின் படம் ஹாலில் மாலையோடு தொங்குகிறது. அவள் போனபோது நானே டச்சப் செய்தது, பழக்க தோஷத்தில் இரண்டு ஷேடு ஏற்றிவிட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாம் "லட்சுமி மாதிரி இருக்கா" என்றார்கள். கம்ப்யூட்டரில் பழைய ஃபைலைத் தேடித் திறந்தேன். வெயிலில் கொழுந்து பறித்துப் பறித்து, கன்னத்து மேட்டில் மட்டும் கூடுதலாகக் கருத்த முகம். அதை பிரிண்ட் போட்டு மாற்றலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "இருக்கிறது நல்லாத்தானே இருக்கு, விடு" என்றான். இன்னும் மாற்றவில்லை. பிரிண்ட் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

நாலாவது வாரம் கமில் செட்டா. பிளாஸ்டிக் பைகளில் முகம் வரைகிறவர். பையைத் தூக்கிப் போடுகிற மாதிரி ஆளையும் தூக்கிப் போடுகிறார்கள் என்பது விஷயம். நல்ல யோசனை. ஆனால் நீலகிரியில் அந்தப் பையோடு செக்போஸ்ட்டைத் தாண்டினால் அபராதம். அங்கே கருப்பு கேரிபேக்குக்கு ஊர் வழக்கில் 'ஸ்கேண்டல் பேக்' என்று பெயராம், உள்ளே இருப்பது வெளியே தெரியாது என்பதால். நம் ஊரிலும் எந்தக் கடையில் எதைக் கருப்புப் பையில் சுற்றிக் கொடுப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குக் கூட்டம் குறைவு, டீ இரண்டாவது ரவுண்டு கிடைத்தது.

ஐந்தாவது வாரத்தைப் பற்றி எனக்குக் கோபமும் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. கோபம் முதலில். 1845 மே 10ஆம் தேதி 'பிளண்டெல்' என்ற கப்பல் ஓல்ட் ஹார்பர் பேயில் இந்தியர்களை இறக்கியது. அதிலிருந்து 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல் போயிருக்கிறார்கள். பெரும்பாலும் கல்கத்தா வழியாக, கொஞ்சம் பேர் சென்னை வழியாக. அடிமைகள் விடுதலையாகிப் போன கரும்புக் காட்டில் வேலைக்கு ஆள் வேண்டுமே. அங்கே இந்திய வம்சத்தாரை இழிவாகக் கூப்பிடுகிற சொல் 'கூலி'. நம் இலந்தைப் பழம் இருக்கிறதே, அதற்கு ஜமைக்காவில் 'கூலி ப்ளம்' என்று பெயர். இதையெல்லாம் சார் இரண்டே நிமிஷத்தில் சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். ஹாலில் பாதிப்பேர் எஸ்டேட் லயத்து வழி வந்தவர்கள். கூலி என்பது நம் வாயிலிருந்து போன சொல், வேலைக்குக் கொடுக்கிற காசு. அது கடல் தாண்டிப் போய் ஆளுக்கே பெயராகிவிட்டது. அங்கே நின்று பத்து நிமிஷம் பேசியிருக்க வேண்டாமா?

எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். தாத்தா இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களை இரண்டு நாடும் பங்கு பிரித்த 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா பக்கம் விழுந்த 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் அடக்கம். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, இங்கே டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே இருந்தவரை இந்தியாக்காரன், இங்கே இறங்கியதும் சிலோன்காரன். கோத்தகிரியிலேயே பிறந்த எனக்கும் மார்க்கெட்டில் 'சிலோன்காரங்க ஸ்டுடியோ' என்றுதான் பெயர். பெயர் நிலைத்துவிட்டதால் பத்து வருஷத்துக்கு அப்பாவுக்குப் போர்டு எழுதவே தேவைப்படவில்லை.

நன்றி, ஆல்பர்ட் சோங்கைக் காட்டியதற்கு. 1958இல் கிங்ஸ்டனில் பிறந்த போட்டோக்காரர், ஆப்பிரிக்க ரத்தமும் சீன ரத்தமும். வீட்டுப் பழைய போட்டோக்களை எடுத்து, மடிந்தது கிழிந்தது எதையும் சரிசெய்யாமல், சுற்றிலும் பூ, பழம், சிப்பி என்று படையல் மாதிரி வைத்து மறுபடியும் போட்டோ எடுக்கிறார். பழைய போட்டோ என்றால் கறையைத் துடைத்துப் புதுசாக்குவதுதான் எங்கள் தொழில். கறையோடு வைத்துக் கும்பிடலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தாத்தாவின் பாஸ்போர்ட் கடை டிராயரில் கிடக்கிறது. குடும்பத்துக்கே ஒரு போட்டோ, அதில் முத்திரை குத்தியவன் சரியாகப் பாட்டி முகத்தில் பாதியை மையால் மூடிவிட்டான். பாட்டிக்கு வேறு போட்டோவே கிடையாது. அந்த முத்திரையை எடுக்க எத்தனையோ ராத்திரி ஃபோட்டோஷாப்பில் உட்கார்ந்திருக்கிறேன். எடுத்தால் அடியில் முகம் இல்லை, நானாக ஒன்றை வரைய வேண்டியிருக்கும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பாஸ்போர்ட்டை விரித்து வைத்து, பக்கத்தில் வெற்றிலை, தேயிலைப் பூ, அவள் இடித்த சின்ன உலக்கை எல்லாம் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எட்டு க்ளிக் எடுத்தேன். இரண்டு தேறும்.

ஆறாவது வாரம் ஐப்பசி மழை. எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் கிடையாது. 1,200 வாங்குகிற இடத்தில் ஒரு இன்வெர்ட்டராவது வேண்டாமா? வந்தது பதினோரு பேர். அந்தத் தம்பி தன் லேப்டாப்பைத் திறந்து மேஜையில் வைத்தான், சுற்றி நின்று பார்த்தோம். ரெனீ காக்ஸ், ஜமைக்காவில் பிறந்து அமெரிக்காவில் இருக்கிற போட்டோக்காரர், 2004இல் எடுத்த வரிசை. அடிமைத் தோட்டங்களிலிருந்து தப்பி அந்த ப்ளூ மவுண்டன்ஸில் ஒளிந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற மரூன் கூட்டத்தின் தலைவி நானி. அவருடைய முகம் எப்படி இருந்தது என்று பார்த்து வரைந்த படம் ஒன்றும் கிடையாது. ஜமைக்காவின் 500 டாலர் நோட்டில் இருப்பதுகூடக் கற்பனையாக வரைந்ததுதான். காக்ஸ் தானே நானியாக வேஷம் கட்டி நிற்கிறார். ஒரு படத்தில் ஆங்கிலேயச் சிப்பாயின் சிவப்புக் கோட்டு, பார்வை நேராக நம் மேல். முகம் இல்லாத இடத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

சின்ன ஸ்க்ரீன்தான். ஆனால் ஆறு வாரத்தில் தோல் நிறம் சரியாகத் தெரிந்தது அதில்தான். சார் டார்ச்சை மேஜையில் வைத்துவிட்டு முதல் முறையாக நோட்டைப் பார்க்காமல், முழுக்கத் தமிழில் பேசினார். மற்ற ஐந்து வாரமும் முக்கால்வாசி இங்கிலீஷ். பின்வரிசை எஸ்டேட் பிள்ளைகள் பாதியில் எழுந்து போனதற்கு அதுவும் காரணம். இந்தப் பதினோரு பேரில் ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. எனக்கு மட்டும் ஏழு மணி கோத்தகிரி பஸ் போய்விட்டது, ஜீப்புக்கு 600 ரூபாய்.

போக நினைப்பவர்களுக்கு: ஸ்வெட்டர் கட்டாயம், ஹாலில் ஒரு பக்கம் கதவு மூடாது. நாற்காலி பிளாஸ்டிக், சின்னத் தலையணை கொண்டுபோங்கள். பாத்ரூம் வெளியே, பத்துப் படி இறங்க வேண்டும், முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். தனி நாள் டிக்கெட்டை விட முழுத் தொடர்தான் லாபம். தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு அடித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பேப்பர் என் கடையிலேயே பிரிண்ட் போடலாம், அசல் விலைக்குத் தருகிறேன் என்றும் சொன்னேன். கரண்ட் போன நாளுக்குப் பணம் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த தொடர் தை மாதம் என்கிறார்கள். அந்தத் தம்பி என் நம்பரை வாங்கி வைத்திருக்கிறான். "அக்கா, நீங்க மூணு மணிக்கே வந்துடுங்க, லைட்டை அணைச்சுட்டு முதல்ல ஓட்டிப் பாத்துக்கலாம்" என்றான்.